தூசியை நிறுத்தால் மட்டும் போதுமா?

தூத்துக்குடி காற்று ‘திருப்தி’ என்று காற்றுத் தரக் குறியீடு காட்டிவிட்டால் அதிகாரிகளுக்கும் திருப்தி. தூசி எத்தனை மைக்ரோகிராம் என்று நிறுக்கிறார்கள். அதற்குள் என்ன சரக்கு என்று யாரும் வாய் திறப்பதில்லை. 2009-ல் மத்திய அரசு வகுத்த விதிப்படி ஒரு கன மீட்டர் காற்றில் ஆர்சனிக் ஆண்டுச் சராசரி 6 நானோகிராமையும், நிக்கல் 20 நானோகிராமையும் தாண்டக் கூடாது. காற்றுத் தரக் குறியீட்டில் இந்த இரண்டுக்கும் இடமே இல்லை! உடன்குடி கருப்பட்டியில் சீனி கலந்திருக்கிறதா என்று உடைத்து வாயில் போட்டுப் பார்த்து வாங்குகிற சாத்தான்குளத்துக்காரர், மூச்சில் கலப்பது என்னவென்று மட்டும் கேட்கக் கூடாதாம்.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் கதை ஊரறிந்தது. 2018 ஏப்ரலில் அதன் இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அடுக்கிய காரணங்களில் ஒன்று, சுற்றுப்புறக் காற்றில் ஆர்சனிக் போன்ற கன உலோகங்களை ஆலை முறையாகப் பரிசோதிக்கவில்லை என்பது. சபாஷ்! ஆலை ஓடத் தொடங்கி இருபது ஆண்டு, விதி வந்து எட்டு ஆண்டு கழித்து வந்த ஞானோதயம். ஆலை அளக்கவில்லை, சரி; வாரியத்தின் கையை யார் கட்டிப்போட்டது? அடுத்த மாதமே, ஆலைக்கு எதிராகப் போராடியவர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். ஆலை மூடியதைச் சரியென்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் முடித்து வைத்தது. அளக்கும் பழக்கம் மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

இப்போது சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, உடன்குடியில் 1,320 மெகாவாட் அனல் மின் திட்டம். வடிகட்டி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சாம்பலில் எடைக்கணக்கில் பெரும்பகுதியைப் பிடித்தும் விடும். ஆனால் கொதிகலன் சூட்டில் ஆவியாகும் ஆர்சனிக்கும் ஈயமும் காட்மியமும் ஆறும்போது படிவது மிக நுண்ணிய துகள்களில்தான். வடிகட்டிக்குத் தப்புவதும், நுரையீரலின் அடிவரை போவதும் அவையே. ஈயத்தில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேரி எனும் செம்மணல் மேட்டு மண் காலங்காலமாகப் பறக்கிற ஊர்தானே என்றும் ஒரு வாதம் வரும். அதனால்தான் இப்போதே அளக்கச் சொல்கிறோம். தேரிச் செம்மண்ணில் இயல்பாக இருப்பது எவ்வளவு என்று எழுதி வைக்காவிட்டால், நாளைக்குக் கூடுவது அத்தனைக்கும் தேரியே பழி சுமக்கும். அளக்கச் சொன்னாலே வளர்ச்சிக்கு எதிரி என்று முத்திரை குத்துவதும் பழைய பாட்டு. அனல் மின் நிலையத்தை மூடச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. அளந்ததைத் தமிழில் வெளியிடுங்கள் என்பதையும் சேர்த்தே கேட்கிறோம். மூச்சு விடுகிறவன் தமிழன், அறிக்கை மட்டும் ஆங்கிலத்திலா?

சாத்தான்குளம், உடன்குடி வட்டார ஊராட்சிக்காரர்களே, அடுத்த கிராம சபையில் மற்றதைப் பிறகு பேசலாம். காற்றில் ஆர்சனிக், ஈயம், நிக்கல் மூன்றையும் அளந்து ஊராட்சி அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும் என்று முதல் தீர்மானம் போடுங்கள்.