மல்லையா பணம்: கிளப்புக்கு வரமா, வம்பா? டீக்கடையில் ரசிகர்கள் காரசாரம்!

குஜிலியம்பாறை–

கொல்கத்தா கால்பந்தில் சாராய அதிபர் விஜய் மல்லையா கொட்டிய பணத்தால் லாபமா, நஷ்டமா? இங்குள்ள டீக்கடையில் ரசிகர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள்.

1998-ல் பரம எதிரிகளான ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டிலுமே அவரது மதுக் கம்பெனி கூட்டுச் சேர்ந்தது.

"அவர் காசு இல்லேன்னா 2003-ல ஜகார்த்தாவுல ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கோப்பையைத் தூக்கியிருக்குமா?" என்றது ஒரு கோஷ்டி.

"சரிண்ணே, 2012-ல அவரோட விமானக் கம்பெனி படுத்துச்சு. பாங்கிக் கடன் சுமார் 9 ஆயிரம் கோடி. 2016-ல ஆளு லண்டன் போயிட்டாரு. பெறகு?" என்று மடக்கியது மறு கோஷ்டி.

பிறகு நடந்ததுதான் பாடம். 2018, 2020, 2022 என நாலே வருஷத்தில் மூன்று புது முதலாளிகளின் கையைப் பிடித்தது ஈஸ்ட் பெங்கால். கோப்பை மிஞ்சியது, சொந்தக் காலில் நிற்க வருமானம் மிஞ்சவில்லை.

ஊர் டீமுக்குப் பனியன் வாங்கித் தரும் பெரிய மனுஷர் கையை விரித்தாலும் இதே கதிதான்!