நன்னன் நாட்டு விருந்தும் ரெட் ஒயினும்!

திருவண்ணாமலை என்றதும் தீபமும் கிரிவலமும்தான் நினைவுக்கு வரும். ரெட் ஒயினுக்கும் இந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? துவர்ப்பில் இருக்கிறது.

கேபர்நே சாவிஞான், ஷிராஸ் போன்ற கறுந்திராட்சைகளில் செய்யும் கனமான ஒயின்களை ‘போல்டு ரெட்’ என்கிறார்கள். அந்தப் பழங்களின் சாற்றுக்குச் சொல்லிக்கொள்ளும்படி நிறம் கிடையாது. தோலையும் விதையையும் சேர்த்தே புளிக்க வைப்பதால்தான் அடர் சிவப்பும் துவர்ப்பும் இறங்குகின்றன. ஆல்கஹால் பெரும்பாலும் 13 முதல் 15 சதவிகிதம். ஒரு வாய் குடித்தாலே, பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல நாக்கையும் ஈறையும் இழுத்துப் பிடிக்கும். காரணம், டானின். எச்சிலில் உள்ள வழவழப்பான புரதத்தோடு இது ஒட்டிக்கொள்வதால் வாய் காய்ந்துபோகிறது.

ஜவ்வாதுமலைக் கடுக்காயில் இருப்பதும் டானின்தான். கடுக்காயையும் ஆவாரம்பட்டையையும் கொண்டு தோல் பதனிட்டதும் இதனால்தான். ஆட்டுத்தோலையே மாற்றிவிடுகிற சமாசாரம், நாக்கைச் சும்மா விடுமா?

இதை அடக்கக் கொழுப்பும் புரதமும் வேண்டும். கறியோடு சேரும்போது டானின் எச்சிலை விட்டுக் கறியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். கடுந்தேநீரில் பால் விட்டதும் துவர்ப்பு தணிவதும் இதே கணக்குதான். அதனால்தான் இந்த வகை ஒயினுக்கு, நெருப்பில் வாட்டிய ஆட்டுக்கறியையும் நாள்பட்ட சீஸையும் சொல்கிறார்கள். மீன் ஒத்துவராது. ரெட் ஒயினில் உள்ள இரும்புதான் மீனோடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்புகிறது என்று 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

நம் சமையலில் சிக்கல், மிளகாய். ஆல்கஹால் அந்த எரிச்சலை இன்னும் கூட்டும். புளி தூக்கலாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். எனவே காரக்குழம்போடு ரெட் ஒயின் என்று எந்த மெனு சொன்னாலும் காசைக் கொட்ட வேண்டாம். மிளகுக் கறி என்றால் கதை வேறு. மிளகுக்கு மணம் தரும் ‘ரோட்டண்டோன்’ என்ற பொருளே ஷிராஸ் ஒயினிலும் இருப்பதை 2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மிளகு தூக்கலாக, மிளகாய் பேருக்கு மட்டும் போட்ட மட்டன் சுக்கா பொருத்தமாக இருக்கும்.

மிளகாயே நம் நாட்டுக்கு வராத காலத்தில் இங்கே என்ன சாப்பிட்டார்கள்? ‘மலைபடுகடாம்’ சொல்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான இந்த 583 அடிப் பாட்டு, செங்கத்தை ஆண்ட நன்னனின் நாட்டைப் பற்றியது. அதில் வரும் நவிரமலைதான் இன்றைய பர்வதமலை என்கிறார்கள். பரிசில் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழியில் நெய்யில் வெந்த பருத்த கறித்துண்டுகளும் தினைச்சோறும் கிடைக்கும். மூங்கில் குழாயில் விளைந்த தேன் தேறலும் உண்டு. திராட்சை கிடையாது. ஆனால் கனமான மதுவுக்குக் கொழுத்த கறி என்ற வழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது!

ருசியான பகுதி அதற்குப் பிறகுதான். ராத்திரி குடித்த மயக்கம் விடிந்தும் தெளியாமல் இருப்பவர்களுக்கு, குறமகள் ஒரு சோறு ஆக்குகிறாள். கடமான் கறி, முள்ளம்பன்றிக் கறி, பலாக்கொட்டை, புளி, உலைக்குத் தண்ணீருக்குப் பதில் மோர், அதில் மூங்கிலரிசி. மலைச்சாரலே மணக்கிறது. பெற்ற பிள்ளையைத் தடுத்து நிறுத்திச் சாப்பிட வைப்பதுபோல வீட்டுக்கு வீடு கூப்பிட்டுப் போடுகிறார்கள். மறுநாள் காலையையும் யோசித்த சமையல் அது. எந்த ஒயின் மெனுவில் அந்த அக்கறை இருக்கிறது?

இன்று மருத்துவம் இன்னும் கறாராகப் பேசுகிறது. பாதுகாப்பான அளவு என்று மதுவுக்கு எதுவும் இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்று யாராவது ஃபார்வேர்டு அனுப்பினால் அப்படியே அழித்துவிடலாம். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கவே கூடாது.

பொருத்தத்தின் ருசியை அறிய மது தேவையும் இல்லை. சர்க்கரை போடாத மாதுளைச் சாற்றை ஒரு வாய் குடித்துவிட்டு, மிளகுச் சுக்காவில் ஒரு துண்டு. பிறகு மீண்டும் சாறு. கறி சாப்பிடாதவர்கள் நெய்யில் வறுத்த பனீரில் மிளகு தூவிக்கொள்ளலாம். இரண்டாவது வாயில் அந்தத் துவர்ப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.