ஆட்டிசம் உள்ள வயதுவந்தோருக்கு வாழ்விடமும் துணைச் சேவையும் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், செங்கல்பட்டு மாவட்டம்.
வழி: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்.

ஆட்டிசம் என்பது, பிறரோடு பழகுவதிலும் கருத்தை உணர்த்துவதிலும் தடையும், அன்றாட ஒழுங்கு மாறினால் தாங்க இயலாமையும், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணரும் தன்மையும் சேர்ந்த, வாழ்நாள் முழுவதும் தொடரும் வளர்ச்சி நிலையாகும். அரசு ஆவணங்கள் இந்நிலையினரைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' எனக் குறிப்பதுண்டு. புற உலகம் அளவுமீறித் தாக்குவதாலேயே ஒதுங்கி நிற்பவரை இவ்வாறு சுட்டுவது, அவர்களை நாள்தோறும் அறிந்த பெற்றோரை வருத்துகிறது என்பதை இம்மனுவை அளிக்கும் பெற்றோர் சங்கம் முதற்கண் பதிவு செய்கிறது.

வாழ்நாள் முழுவதும் தொடரும் இந்நிலைக்கான பொது உதவிகளுள் பெரும்பாலானவை 18 வயதோடு நின்றுவிடுகின்றன. பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005இல் இம்மாவட்டத்தின் முட்டுக்காட்டிலேயே அமைந்ததும், சிறப்பாசிரியர்கள் அங்கே பயிற்சி பெறுவதும் பெரும் பேறு. ஆயினும் பயிற்சிக்கும் மறுவாழ்வுக்கும் உரிய நிறுவனத்தை வாழ்நாள் வீடாகக் கருத இயலாது. பள்ளி வேன் வாசலுக்கு வருவது நின்றபின் முதிர்ந்த பெற்றோரே ஆசிரியராகவும் இரவுக் காவலாகவும் இருந்துவருகின்றனர்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் அளவிலான குழுவுக்கு, 18 வயது நிறைந்தோருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும் அதிகாரத்தை வழங்கியுள்ளது. பாதுகாவலர் ஆணை கையெழுத்திடுவதற்கு ஒருவரைத் தருமே அன்றி, உறங்க ஓர் இடத்தைத் தராது. வயதுவந்தோருக்கான 'கரௌந்தா' என்னும் குழு இல்லத் திட்டமும், குறுகிய காலத் தங்கலுக்கான 'சமர்த்' திட்டமும் அதே அறக்கட்டளை வகுத்தவை ஆதலால், இவற்றின்கீழ் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் ஆகிய மூன்று ஊர்களிலும் ஆறு பேருக்கு மிகாத சிறு இல்லங்களை அமைக்க ஆவன செய்யுமாறு சங்கம் கோருகிறது.

எண்ணிக்கை சிறிதாக இருக்கவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. பெரிய விடுதியின் இரைச்சலும் நாளுக்கொருவராக மாறும் ஊழியரும் இவர்களுக்குத் தீராத வேதனையாகும். அவ்வேதனையில் எழும் கூச்சலை முரட்டுத்தனம் எனக் கொண்டு, மருந்தால் அடக்கும் நிலையும் நேரிடலாம். மாமல்லபுரத்தில் இல்லம் அமைக்கையில், கல் அறுக்கும் இயந்திரங்கள் ஒலிக்கும் சிற்பக்கூடங்களிலிருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்தும் விலகிய தெருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே இல்ல வாழ்க்கை தொடங்கவேண்டும்: முதலில் ஓரிரவு, பின்னர் வாரத்தில் இரு நாள், அதன்பின் மாதக்கணக்கில் என மகனோ மகளோ புதிய இடத்தைப் பழகிக்கொள்ளும் காலத்தில், அங்குள்ள ஊழியர் அவர்தம் சைகைகளையும் உணவுப் பழக்கத்தையும் தாயிடமிருந்தே கற்றுக்கொள்ள முடியும். தாயையும் வீட்டையும் பழகிய தட்டையும் ஒரே நாளில் இழப்பவருக்கு, நேர்ந்தது என்னவென்று எடுத்துச் சொல்லவும் அன்று எவரும் இருக்கமாட்டார்.

மாநில அரசு வழங்கும் மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகை உணவுக்கும் மருந்துக்கும் துணையாகிறது. இரவுத் துணைக்கு ஒருவரை அமர்த்த அது போதாது. உடலளவிலும் மனத்தளவிலும் தீவிரத் துணை தேவைப்படுவோர் அதற்கு விண்ணப்பிக்க, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு வழிசெய்கிறது. அவ்விண்ணப்பங்களைப் பெற்று மதிப்பீட்டு வாரியத்துக்கு அனுப்பும் முறையை மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தவும், பயிற்சி பெற்ற துணையாளருக்கு மாத ஊதியத்தை அரசே வழங்கவும் வேண்டப்படுகிறது.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இக்கரையில் வாழ்வோருக்குப் புயல் புதிதன்று. ஆனால் நூறு பேர் நெருங்கிய நிவாரண முகாமில் ஆட்டிசம் உள்ள ஒருவரை அமர்த்துவது எத்துணை அரிது என்பதை அக்குடும்பங்களே அறியும். மாவட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் விவரங்களைப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பராமரிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு பணிக்கிறது. அப்பதிவேட்டில் ஆட்டிசம் உள்ளோரைத் தனியே குறிக்கவும், கடலோர முகாம் ஒவ்வொன்றிலும் ஒரு வகுப்பறையை அமைதி அறையாக ஒதுக்கவும் சங்கம் வேண்டுகிறது.

இக்கோரிக்கைகளைப் பரிசீலிக்க உள்ளூர் அளவிலான குழுவை 30 நாட்களுக்குள் கூட்டி, பெற்றோரோடு ஆட்டிசம் உள்ள வயதுவந்தோரையும் அழைத்து, பேச்சற்றோர் பட அட்டைகளாலும் எழுத்தாலும் தம் விருப்பத்தைத் தெரிவிக்கப் போதிய நேரம் அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.