பேரக்குழந்தையைப் பார்க்க ஒரு மனு

1993 மே மாதம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு தம்பதி தங்கள் மகனை இழந்தார்கள். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். குழந்தைகளின் தாயைப் பிரிந்து பெற்றோருடன் இருந்த அவர், வாரக்கடைசிகளில் பிள்ளைகளை அங்கே அழைத்து வருவது வழக்கம். அவர் போன பிறகும் சில மாதங்கள் குழந்தைகள் வந்து போனார்கள். அக்டோபரில் தாய், இனி மாதம் ஒருமுறை, சற்று நேரம் மட்டும் என்றார். டிசம்பரில் தாத்தாவும் பாட்டியும் வழக்குத் தொடுத்தார்கள்.

நடுவே இருந்தது இரண்டே மாதம். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு ஒருபுறம், குழந்தைகளோடு வாழ்க்கையை மீண்டும் கட்டிக்கொள்ளப் பார்க்கும் தாய் மறுபுறம். இரு தரப்பும் மதிக்கிற ஒரு பெரியவர் போய் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது. ‘மாதம் ஒருமுறை’ என்பது மூடிய கதவு அல்லவே! ஆனால் மனு போயிற்று. கீழ்நீதிமன்றம் மாதம் ஒரு வாரக்கடைசி, கோடையில் ஒரு வாரம், தாத்தா பாட்டியின் பிறந்தநாள்களில் நான்கு நான்கு மணி நேரம் என்று உத்தரவு போட்டது. இதற்கிடையே தாய் மறுமணம் செய்துகொண்டார். புதுக் கணவர் பிள்ளைகளைத் தத்தெடுத்தார். 2000 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மனுச் செய்யலாம் என்ற அந்த மாநிலச் சட்டம் அளவுக்கு மீறி விரிந்தது என்றும், தகுதியுள்ள பெற்றோரின் முடிவுக்குத் தனி மதிப்புத் தர வேண்டும் என்றும் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் எழுதினார். சிறுமிகளின் ஆறரை ஆண்டு அந்த வழக்கோடு போயிற்று.

தாயும் தந்தையும் மணவாழ்வில் சேர்ந்திருந்து, இருவருமே ‘வேண்டாம்’ என்றால்? அடுத்தடுத்த இரு மாநிலங்கள் இதற்கு எதிரெதிர் விடை சொல்லியிருக்கின்றன. 1992-இல் கென்டக்கி உச்ச நீதிமன்றம் அப்படியொரு தாத்தாவுக்குச் சந்திப்புரிமை தந்தது. மறு ஆண்டே டென்னசி உச்ச நீதிமன்றம், குழந்தைக்குக் கணிசமான தீங்கு என்று காட்டாமல் அரசு அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றது. டென்னசி சொன்னதே சரி என்பது எங்கள் கருத்து. அம்மா முகம் சுளித்திருக்க, உத்தரவின் பேரில் பாட்டி வீட்டுக்குப் போகிற குழந்தை அங்கே எதை அனுபவிக்கும்? திரும்பி வந்ததும் “என்ன சொன்னாங்க?” என்ற விசாரணை வேறு.

ஆனால் நீதிமன்றம் ஒதுங்கி நிற்பதைப் பெற்றோர் தங்கள் வெற்றியாக எண்ணிவிடக் கூடாது. தன் பிடிவாதத்துக்கு விலையாகப் பிள்ளையிடமிருந்து தாத்தா பாட்டியைப் பறிக்கும் உரிமை எந்தத் தகப்பனுக்கும் தாயாருக்கும் இல்லை. பெரியவர்களுக்கும் கடமை உண்டு. மருமகளைப் பற்றிப் பேரனிடம் குறை சொல்வதும், கொடுக்காதே என்றதை ஒளித்துக் கொடுப்பதும் பல வீடுகளில் முதல் விரிசல். இருபக்கமும் கோள் மூட்டிவிட்டு, பிறகு விசேஷ வீட்டில் அனுதாபப்படும் உறவினருக்கும் இதில் பங்கிருக்கிறது.

நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் மூத்த குடிமக்களுக்கு ஜீவனாம்சம் கேட்க வழிசெய்தது; பேரக்குழந்தையைக் காணும் உரிமை அதில் இல்லை. புதுச் சட்டம் கேட்பவர்களின் வேதனை எங்களுக்குப் புரிகிறது. இருந்தும், அதற்கு முன் செய்யக்கூடியது கையருகே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே சமரச மையம் தொடங்கியாயிற்று. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கும் உதவுகின்றன. மனு எழுதக் கேட்டு வருகிறவர்களை வழக்கறிஞர்கள் முதலில் அங்கே அனுப்பட்டும். சித்தப்பாவோ அத்தையோ ஒருவர், யார் தப்பு என்ற பேச்சை எடுக்காமல் இரு வீட்டுக்கும் ஒருமுறை போய் வரட்டும். முதல் சந்திப்பு யார் வீட்டிலும் வேண்டாம். பக்கத்துப் பூங்காவில், ஒரு மணி நேரம், அப்பா அம்மாவும் கூடவே இருக்க நடந்தால் போதும்.