பேசுவதற்கு மட்டும் ஒரு போன்

அந்தமான் தலைநகரின் மின்னி பே பகுதியிலிருந்து இன்று சென்னைக்குப் பேசினால், குரல் தடங்கலின்றிக் கேட்கிறது. போர்ட் பிளேர் என்று நாம் பழகிய அந்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. ஆனால் ஊரின் வாழ்க்கையை உண்மையில் மாற்றிய நாள் 2020 ஆகஸ்ட் 10. சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட கேபிள் அன்றுதான் திறந்துவைக்கப்பட்டது. அதுவரை மொத்தத் தீவுக்கூட்டமும் செயற்கைக்கோளின் குறுகலான அலைவரிசையை நம்பிக் காலம் தள்ளியது.

ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய் செலவான அந்தக் கேபிளை லாபக் கணக்குப் பார்க்கும் எந்தக் கம்பெனியும் போட்டிருக்காது. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரின் மக்கள்தொகை நாலு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அந்தப் பணம், எல்லோருக்கும் தொலைபேசி சென்றுசேர வேண்டும் என்பதற்காகவே ஏற்படுத்தப்பட்ட பொதுச்சேவைக் கடப்பாட்டு நிதியிலிருந்து வந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை இந்த நிதிக்குச் செலுத்துகின்றன. அதாவது திருநெல்வேலியிலும் திருவாரூரிலும் நாம் செய்யும் ரீசார்ஜில் ஒரு துளி அந்தக் கடலடிக் கேபிளில் இருக்கிறது. பொதுப்பணம் சரியான இடத்துக்குப் போனதற்கு இது நல்ல உதாரணம். மனமாரப் பாராட்டுகிறோம்.

கேபிள் தலைநகரைத் தவிர ஏழு இடங்களில் கரையேறுகிறது: ஸ்வராஜ் த்வீப், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார். நிகோபாரின் கச்சால் தீவு இந்தப் பட்டியலில் இல்லை.

கச்சாலைக் குறிப்பிடக் காரணம் உண்டு. 1964-இல் கையெழுத்தான சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினர் கச்சாலின் ரப்பர் தோட்டங்களில்தான் குடியமர்த்தப்பட்டார்கள். ஒரு கடலைத் தாண்டித் திரும்பி வந்தவர்கள், வேலைக்காக இன்னொரு கடலையும் தாண்டினார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மிகக் கொடூரமாகத் தாக்கிய தீவுகளில் கச்சாலும் ஒன்று. நிகோபார் தீவுகளின் தொலைபேசித் தொடர்பு அறுந்து விழுந்தது. யார் பிழைத்தார், யார் போனார் என்பது தெரியாமல் உறவினர்கள் இந்தக் கரையில் தவித்தார்கள்.

அந்த நாள்களில் கைகொடுத்தவர்கள், பொழுதுபோக்காக வானொலி நிலையம் இயக்கும் ஹாம் ரேடியோக்காரர்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தமானில் ஹாம் ரேடியோ இயக்க அனுமதி வாங்கி, ஒரு குழுவோடு போர்ட் பிளேர் வந்திருந்தார் பாரதி பிரசாத். சுனாமி வந்ததும் தங்கள் கருவிகளைத் தகவல் நிலையமாக மாற்றிவிட்டார்கள். நிகோபாருக்கும் தலைநகருக்கும், தலைநகருக்கும் நாட்டின் மற்ற பகுதிகளுக்கும் இடையே செய்தி போய்வர அவர்களின் வானொலி அலை உதவியது. இன்னார் உயிரோடிருக்கிறார் என்ற ஒற்றை வரிக்காக எத்தனை குடும்பங்கள் காத்திருந்தன! அன்று யாரும் வீடியோ கேட்கவில்லை. குரல்தான் தேவைப்பட்டது.

இன்றும் தீவு மக்களின் முதல் தேவை குரல்தான். கப்பல் கிளம்புமா, டிக்கெட் கிடைக்குமா என்று கேட்பதும், தலைநகரின் ஜி.பி.பந்த் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய நோயாளி எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பதும் போனில்தான் நடக்கின்றன. பேங்க் ஓடிபி வருவதும், ஆதார் சரிபார்ப்பு நடப்பதும் அதே நம்பரில். நம்பர் செத்தால் இவை அத்தனையும் சேர்ந்து நின்றுபோகின்றன. கொஞ்ச காலத்தில் அந்த நம்பர் வேறொருவர் கைக்கும் போய்விடுகிறது.

அந்த நம்பரை உயிரோடு வைத்திருக்க என்ன செலவாகிறது? 2003 மே 1 முதல் நம் நாட்டில் இன்கமிங் இலவசமானது. கையில் காசில்லாதவர் ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் போதும் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது. ஏழை வீடுகளில் செல்போன் நுழைந்ததற்கு அதுவே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து. 2018 இறுதியில் அந்தக் கதவு சாத்தப்பட்டது. 28 நாளுக்கு 35 ரூபாய் போடாவிட்டால் இன்கமிங்கும் வராது என்றன பெரிய நிறுவனங்கள். 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகு ஏர்டெல்லின் 28 நாள் அடிப்படைத் திட்டம் 199 ரூபாய் ஆனது. அதில் அளவில்லாத பேச்சும் டேட்டாவும் உண்டு என்பது உண்மைதான். அவை வேண்டாம், மகன் கூப்பிட்டால் எடுத்தால் போதும் என்கிற தாயும் அப்போது அதே 199-ஐத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் திட்டங்களும் வந்தன. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, ஆண்டுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448. கணக்குப் போட்டால் மாதம் 150 ரூபாய்க்குக் குறையவில்லை. அதையும் மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவர் ஒரே நாளில் 1,849 ரூபாயை எங்கிருந்து எடுப்பார்? விதி நல்ல விதி. விலையை நிறுவனங்களிடமே விட்டதுதான் அதன் ஓட்டை.

அமெரிக்கா போன்ற சந்தைப் பொருளாதார நாட்டிலேயே 1985 முதல் லைஃப்லைன் என்ற திட்டம் இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களின் தொலைபேசிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அங்குள்ள பொதுச்சேவை நிதி ஏற்கிறது. நம்மிடமும் நிதி இருக்கிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் சூட்டியிருக்கிறது. பல்லாயிரம் கோடி ரூபாய் வசூலாகி, செலவழிக்கப்படாமலே ஆண்டுக்கணக்கில் கிடந்த நிதி அது. கேபிளும் டவரும் மட்டுமே பொதுச்சேவை ஆகிவிடாது. தலைக்கு மேல் டவர் நின்றும் ரீசார்ஜுக்குக் காசில்லாதவருக்கு, தொலைபேசி இன்னும் வந்துசேரவில்லை என்றே பொருள்.

எங்கள் கோரிக்கை எளிமையானது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள ரேஷன் அட்டைக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், ரீசார்ஜ் செய்யாவிட்டாலும் இன்கமிங்கும் ஓடிபியும் வரும்படி, நிரந்தரமாக இருக்க வேண்டும். மாதத்துக்குச் சில மணி நேர அவுட்கோயிங்கை ஒரு சிறு தொகைக்குக் கொடுத்து, மீதியை நிதி ஏற்கலாம். கேபிள் இறங்காத கச்சால், தெரசா, சௌரா போன்ற தீவுகளில் புயல் நாளிலும் டவர் அணையாதபடி சூரிய மின்சாரமும் பேட்டரியும் வேண்டும். ஒவ்வொரு படகுத்துறையிலும் யாரும் எடுத்துப் பேசக்கூடிய ஒரு பொதுத் தொலைபேசியும் வேண்டும். ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் டவர் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அந்த மக்களை அவர்கள் போக்கில் விடுவதே நியாயம்.

அந்தமான் நிகோபாருக்குச் சட்டமன்றம் கிடையாது. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். அங்கு வாழ்பவர்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். தமிழ்நாட்டிலிருந்து போயிருக்கும் 39 எம்.பி.க்கள் அந்த ஒற்றைக் குரலோடு சேர்ந்து, இந்த அடிப்படைத் திட்டத்துக்கென டிஜிட்டல் பாரத் நிதியில் தனித் தொகை ஒதுக்கச் சொல்லி அடுத்த கூட்டத்தொடரிலேயே கேட்க வேண்டும். அதனால் பயனடையப்போவது கச்சால் மட்டுமா? கொல்லிமலையிலும் கோத்தகிரியிலும் இருக்கும் நம் வாக்காளர்களுக்கும் அதே ரீசார்ஜ் கவலைதான்.