குழாயைக் கழுவவும் நேரம் வேண்டும்

ஆசிரியருக்கு,

எண்டோஸ்கோபிக்காகப் புறநோயாளிகள் காத்துக் கிடப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அவதி உண்மைதான். ஆனால், அடுத்தவரை அழைக்காமல் நர்சுகள் தாமதிக்கிறார்கள் என்பதை ஏற்க முடியவில்லை. எண்டோஸ்கோபி அறையில் வேலை பார்க்கும் நர்ஸ் நான்.

ஒருவருக்குப் பயன்படுத்திய குழாயை அப்படியே அடுத்தவர் வாயில் விட முடியுமா? என்சைம் கரைசலில் ஊறவைத்து, உள்துளைகளைப் பிரஷ்ஷால் தேய்த்து, 2 சதவீத குளுட்டரால்டிஹைடு கிருமிநாசினியில் 20 நிமிடம் மூழ்கவைத்து, அலசி, உலர்த்த வேண்டும். அந்த நெடியில் எங்கள் கண் எரிவது தனிக்கதை. இதற்கிடையே ஊசி போட்டு மயக்கம் தெளியாமல் படுத்திருப்பவரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இருக்கும் குழாயோ இரண்டே இரண்டு. அவசரப்பட்டால் ஒருவரின் கிருமி இன்னொருவருக்குப் போகும்.

எல்லோரையும் காலை ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு வரச் சொல்வதுதான் கோளாறு. ஓ.பி. சீட்டிலேயே ஆளுக்கொரு நேரம் எழுதிக் கொடுக்கலாம்; பட்டினி தாங்காத சர்க்கரை நோயாளிகளுக்கு முதல் நேரம் தரலாம். கூடுதலாக ஒரு குழாயும், கழுவுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவரும் கிடைத்தால் வரிசை பாதி நேரத்திலேயே தீர்ந்துவிடும். சுகாதாரத் துறை கவனிக்குமா?

- ஒரு செவிலியர், தஞ்சாவூர்