முணுமுணுப்பவனுக்கு ஒரு வக்காலத்து

இலக்கியம் பேசுகிற இடத்தில் கார்ட்டூனுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். பேச்சை நாங்கள் தொடங்கவில்லை. தல்லாகுளத்து மாடியறை ஒன்றில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் கூட்டத்திற்குச் சிறுவர் இலக்கியம் பற்றி உரையாற்ற வந்த பெரியவர் ஒருவர்தான் தொடங்கினார். நம் பிள்ளைகளுக்கு இன்று பார்க்கக் கிடைப்பவை எல்லாம் போட்டியையும் பொறாமையையும் வளர்ப்பவை என்று வருந்தியவர், மாற்றுக்கு எடுத்துக்காட்டாக ஒரு பழைய அமெரிக்கத் தொடரை மெச்சினார். ஆறு பிள்ளைகள், வேற்றுலகம், எந்த இடரிலும் குலையாத ஒற்றுமை. குழுவை மீறி ஒருவன் பேசினால் அடுத்த காட்சியிலேயே அவன் பாடம் கற்றுக்கொள்கிறான். இதுவல்லவா நமக்கு வேண்டிய கதை என்றார். அறை கைதட்டியது. எங்களில் சிலரும் கைதட்டினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. தமுக்கம் மைதானத்தைத் தாண்டி வீட்டுக்கு நடக்கும்போதுதான் அந்தக் கடைசி வாக்கியம் உறுத்தத் தொடங்கியது.

அவர் மெச்சிய தொடர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி 1974இல் வெளியிட்ட மேசை விளையாட்டைத் தழுவி, 1983 முதல் 1985 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் மூன்று பருவங்களாக வந்தது. மொத்தம் 27 அத்தியாயங்கள். பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டின வண்டி ஒன்றில் ஏறும் ஆறு பிள்ளைகள் மாய உலகில் போய் விழுகிறார்கள். குள்ளமான கிழவர் ஒருவர், டஞ்சன் மாஸ்டர் என்பது அவர் பெயர், ஆளுக்கொரு மந்திர ஆயுதம் தருகிறார். தலைவன் ஹாங்க்குக்கு ஒளியம்பு எய்யும் வில். டயானாவுக்குக் கோல். ஷீலாவுக்கு உடுத்தியவரை மறைக்கும் மேலங்கி. அவள் தம்பி பாபிக்குக் கதாயுதம். பிரெஸ்டோவுக்குக் கேட்டதைத் தவிர மற்றதையெல்லாம் தரும் தொப்பி. பணக்கார வீட்டுப் பையன் எரிக்குக் கேடயம். வீடு திரும்பும் வழியைத் தேடி அலைவதே கதை. வெஞ்சர் என்னும் கொடியவன் ஒருபுறமும் ஐந்துதலை நாகம் தியாமத் மறுபுறமும் துரத்துகிறார்கள்.

எங்கள் வழக்கு இந்த எரிக்கைப் பற்றியது. எரிக் முணுமுணுக்கிறான். இந்தப் பாதை வேண்டாம் என்கிறான், கிழவரின் விடுகதை விளங்கவில்லை என்கிறான், பசிக்கிறது என்கிறான், வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறான். அத்தியாயந்தோறும் அவன் சேற்றில் விழுகிறான், எதற்கோ இரையாகப் பார்க்கிறான், ஓர் அத்தியாயத்தில் சதுப்புநில விலங்காகவே உருமாறுகிறான். மற்ற ஐவரும் சிரிக்கிறார்கள். அத்தியாயம் முடிகிறது.

இது பாத்திரவார்ப்பில் நேர்ந்த தற்செயல் அன்று. தொடரை வடிவமைத்து முதல் அத்தியாயத்தையும் எழுதிய மார்க் எவனியர் பிற்காலத்தில் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். பெற்றோர் அமைப்புகளின் நெருக்கடியும் தொலைக்காட்சி நிறுவனங்கள் அமர்த்தியிருந்த ஆலோசகர்களின் சொல்லும் சேர்ந்து அக்காலக் கார்ட்டூன்களில் ஓர் எழுதப்படாத விதியைத் திணித்தன. குழு சொல்வதே எப்போதும் சரி. குறை சொல்பவன் எப்போதும் தவறு. எரிக் அந்த விதியை நிறைவேற்றுவதற்காகவே குழுவில் வைக்கப்பட்டவன். எவனியருக்கு இது உவப்பாக இல்லை. தனக்கென்று யோசிக்கும் பிள்ளையைக் கோமாளியாக்கிக் காட்டுவதையா குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பது என்பதே அவருடைய ஆற்றாமை. தல்லாகுளத்தில் நம் பெரியவர் எதை அறமென்று மெச்சினாரோ, அதை எழுதியவரே கட்டாயத்தின் பேரில் எழுதினார் என்பது கவனத்திற்குரியது.

இந்த விதி மூல விளையாட்டுக்கே துரோகம் என்பது எங்கள் முதல் வாதம். அந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் நடுவர், அவர் உலகை விவரிக்கிறார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்கிறார்கள். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகங்கொண்ட பகடை தீர்மானிக்கிறது. ஒருவர் பாத்திரத்தை இன்னொருவர் ஆட்டிவைக்க முடியாது. கதவைத் திறக்கலாமா கூடாதா என்று அரைமணி நேரம் வாதிடுவதுதான் ஆட்டமே. பெரும்பான்மை திறக்கச் சொல்லி, பகடை கைவிட்டு, வேண்டாம் என்றவன் மட்டும் பிழைப்பதும் உண்டு. எங்கள் பாட்டிமார் ஆடிய தாயத்தைப்போலவே இதிலும் கட்டைக்குக் கூட்டணி தெரியாது. யார் சரி என்பது முன்னரே தீர்மானிக்கப்படாத ஆட்டத்தை எடுத்து, யார் தவறு என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்ட கதையாக ஆக்கினார்கள்.

இரண்டாவது, எரிக்கின் கையில் இருக்கும் பொருளைப் பாருங்கள். கேடயம். குழுவில் தாக்கவே இயலாத ஆயுதம் அவனுடையது. நெருப்பு வரும்போது முன்னால் நிற்க வேண்டியவன் அவன். நிற்கவும் செய்கிறான், புலம்பிக்கொண்டே. கோழை என்று எழுதப்பட்டவனிடம் காவலை ஒப்படைத்த கதாசிரியர்கள், தங்களையும் அறியாமல், அவனுக்குள் வேறொருவனை வளர விட்டார்கள். 'ஜின்னின் தோட்டம்' என்னும் அத்தியாயத்தில் பாபி நஞ்சேறிக் கிடக்கிறான். மருந்துக்கு விலையாக ஜின் அரசி தனக்கொரு அரசனைக் கேட்கிறாள். சிறுவனுக்காக அந்தச் சிறையை ஏற்க ஒப்புக்கொள்பவன் எரிக். 'டஞ்சன் மாஸ்டரின் நாள்' என்னும் அத்தியாயம் இன்னும் கூர்மையானது. இவ்வளவு குறை சொல்கிறாயே, நீயே செய்து பார் என்பதுபோலக் கிழவர் தன் அங்கியையும் ஆற்றலையும் எரிக்கிடம் தந்துவிடுகிறார். தடுமாறுகிறான், சொதப்புகிறான். இறுதியில் மற்ற ஐவருக்கும் வீட்டுக்கு வழி திறந்துவிட்டு வெஞ்சரைத் தடுத்து நிற்கப் பின்தங்குபவனும் அவனே. எப்போதும் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அரற்றியவன். அவனை மீட்க மற்றவர்கள் கிடைத்த வீட்டை விட்டுத் திரும்பி வருகிறார்கள். இத்தனைக்கும் பிறகு அடுத்த அத்தியாயத்தில் மீண்டும் அவன் பழைய கோமாளி. விதி அப்படி.

மூன்றாவதுதான் முக்கியமானது. அவன் குறைகள் பொய்யா? கிழவர் எதையோ மறைக்கிறார் என்பது எரிக்கின் நீங்காத ஐயம். விடுகதை சொல்லிவிட்டுப் பாறைக்குப் பின்னால் மறைந்துபோகும் வழிகாட்டியை வேறெப்படிப் பார்ப்பது? 'டிராகன்களின் இடுகாடு' என்னும் அத்தியாயத்தில் கிழவர் வெஞ்சரைத் தன் மகன் என்று விளிக்கிறார். பிள்ளைகளைக் கொல்லத் துரத்துபவன் வழிகாட்டியின் மகன்! அவர்களிடம் அதுவரை சொல்லப்படாத செய்தி இது. எரிக்கின் ஐயம் நூற்றுக்கு நூறு நியாயமானது என்று தொடரே சாட்சி சொல்லிவிட்டது. ஆனால் எவரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதே அத்தியாயத்தில் பொறுமை இழந்து, இனி வெஞ்சரை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை என்று கிளம்புகிறவன் ஹாங்க். அங்கே இசை கனக்கிறது, முகங்கள் இறுகுகின்றன, ஒருவரும் சிரிப்பதில்லை. தலைவன் முறையிட்டால் அவலச்சுவை, எரிக் முறையிட்டால் நகைச்சுவை. குழு என்று நம் பெரியவர் குறிப்பிட்டது உண்மையில் யாரை என்பது இங்கே தெளிந்துவிடுகிறது.

எரிக் தன்னலக்காரன்தானே, பிரெஸ்டோவை அவன் பேசுகிற பேச்சு கொஞ்சமா என்று கேட்பீர்கள். உண்மை. அவன் ஆணவக்காரன், வாய் நீளம், பணத்திமிர் வேறு. அவனைப் புனிதனாக்குவது எங்கள் நோக்கமன்று. குறை சொல்பவர்கள் பெரும்பாலும் இனிமையானவர்கள் அல்லர் என்பது நாம் எல்லோரும் கண்டதுதான். அவர்களுடைய குணத்தைக் காட்டி அவர்களுடைய கேள்வியைத் தள்ளுபடி செய்வது மிகப் பழைய உத்தி. அதே விளையாட்டிலிருந்து பிறந்து 2022இல் அமேசான் பிரைமில் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் வாக்ஸ் மெஷினா' தொடரைப் பாருங்கள். பெர்சியின் பழிவெறியை அவன் தோழர்கள் அஞ்சுகிறார்கள், எதிர்த்துப் பேசுகிறார்கள், பிணங்குகிறார்கள். யாரையும் சேற்றில் தள்ளிச் சிரித்து அந்தப் பிணக்கு தீர்க்கப்படவில்லை. வயதுவந்தவர்களுக்கான தொடர், குருதியும் கெட்டவார்த்தையும் மிகுதி. ஆனால் நட்பு என்றால் என்னவென்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒற்றுமைப் பாடத்தை மதுரையில் வந்து, அதிலும் தல்லாகுளத்தில் நின்று, ஒருவர் நடத்தினார் என்பதுதான் எங்களுக்கு வியப்பு. இந்த ஊரின் முதற்பெருங்கதை ஒரு முறையீடு. ஒற்றைச் சிலம்போடு அவைக்கு வந்த பெண்ணுக்கு எதிரே அரசன், காவலர், பொற்கொல்லன், ஊர் என்று முழுக் குழுவும் நின்றது. குழு தவறு, வந்தவள் சரி. தெறித்தது முத்தன்று, மாணிக்கம். அதற்குப் பின் அவள் ஊரையே எரித்ததை நியாயப்படுத்த எங்களால் முடியவில்லை. இளங்கோவடிகளும் அதை எளிதாகக் கடந்துவிடவில்லை. ஆனால் அவர் கண்ணகியைக் கோமாளியாக்கவும் இல்லை.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இறைவனின் செய்யுளிலேயே குற்றம் கண்ட நக்கீரரை நினைவூட்டத் தேவையில்லை, ஏ.பி. நாகராஜன் 1965இல் தானே அந்த வேடம் ஏற்று ஊர்தோறும் கொண்டுசேர்த்துவிட்டார். நெற்றிக்கண்ணின் வெப்பில் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தவர் பின்பு கரையேற்றப்படுகிறார். புராணம் இறைவன் பக்கமே சாய்கிறது என்பது உண்மைதான். ஆயினும் மதுரைக்காரர்கள் இன்றும் யார் பக்கம் நின்று அந்தக் கதையைச் சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அழகர். தங்கை கல்யாணத்திற்குச் சீரோடு புறப்பட்ட அண்ணன், தான் வருமுன்னே தாலி கட்டியாயிற்று என்று கேள்விப்பட்டு, வைகையோடு கோபித்துக்கொண்டு வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். சாத்திரத்தில் இடமில்லாத, மக்கள் கட்டிய கதை; மறைந்த தொ. பரமசிவன் தம் 'அழகர் கோயில்' நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஒருவகையில் அழகர்தான் எங்கள் எரிக். கூப்பிட்ட வீட்டில் குறை கண்டு முகம் திருப்பிக்கொள்பவர். அவரை இந்த ஊர் சிரிப்பதில்லை. சித்திரையில் தல்லாகுளம் முழுக்கத் திரண்டு எதிர்சேவை செய்கிறது; பெருமாள் கோயிலில் ஆண்டாளின் மாலை அவருக்குச் சூட்டப்படுகிறது. கோபித்துக்கொள்ளப் போகிறவர் என்று தெரிந்தே இத்தனை உபசாரம்.

இவ்வளவு பேசிய பிறகு எங்கள் கணக்கையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழு ஒரு சிறுகதைத் தொகுப்புக் கொண்டுவந்தது. அச்சகம் ஒன்றில் மெய்ப்புப் பார்க்கும் நண்பர் ஒருவர் அப்போது எங்களோடு இருந்தார். எந்தக் கூட்டத்திலும் ஒரு குறை வைத்திருப்பார்; தேநீர் ஆறிவிட்டது என்பதில் தொடங்கி எழுவாய் பயனிலை வரை. தொகுப்பில் ஒரு கதை மலையாளத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பொன்றின் சாயல் அல்ல, நகல் என்றார். வெளியீட்டு விழாவுக்கு நான்கு நாட்கள் இருந்தன. அழைப்பிதழ் போய்விட்டது. 'வந்துவிட்டார் நக்கீரர்' என்றார் எங்களில் ஒருவர். அறையே சிரித்தது. அந்தப் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. அவர் அடுத்த கூட்டத்திற்கு வந்தார், அதற்கடுத்ததற்கு வரவில்லை. எட்டு மாதம் கழித்து மூலக்கதை எங்கள் கைக்குக் கிடைத்தது. பத்தி பத்தியாக நகல்.

எரிக்குக்கும் ஓர் இறுதி அத்தியாயம் எழுதப்பட்டது. மைக்கேல் ரீவ்ஸ் எழுதிய 'ரெக்வியம்' என்னும் அந்தக் கதையில் பிள்ளைகளின் குழுவே இரண்டாகப் பிளக்கிறது. படமாவதற்குமுன் தொடர் நிறுத்தப்பட்டது. 2006இல் வந்த டிவிடி தொகுப்பில் ஒலிநாடகமாக மட்டும் கேட்கக் கிடைத்தது.

சென்ற மாதம் அந்தக் கதையை நீக்கி, நீக்கியதற்கான காரணத்தையும் அதை முதலில் சொன்னவர் பெயரையும் முன்னுரையில் சேர்த்துத் தொகுப்பை மறுபதிப்புச் செய்தோம். ஒரு படியை நண்பருக்குத் தூதஞ்சலில் அனுப்பினோம். ஒன்பதாம் நாள் அதே உறையில் திரும்பி வந்தது. கடிதம் ஏதும் இல்லை. முன்னுரையில் மூன்று ஒற்றுப்பிழைகள் பென்சிலால் வட்டமிடப்பட்டிருந்தன.